மணி வராமல் சுடாதவர்

எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கம் இன்னும் ஓடிக்கொண்டிருந்த கடைசி வருடங்களில், பழைய கம்ப்யூட்டரில் நான் ஒரு விளையாட்டு எழுதினேன். திரையின் ஓரத்திலிருந்து வௌவால்கள் பறந்து வரும்; துப்பாக்கியை மேலே ஏற்றிக் கீழே இறக்கிக் குறிபார்த்துச் சுட வேண்டும். குறி வழுக்கிக்கொண்டே இருந்தது. ஒரு மாதம் அதன் வேகத்தோடு மல்லுக்கட்டினேன்.

நந்திதுர்க் சுரங்கத்தில் ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டை, கேஜை, இயக்குகிற என் மச்சான், மனைவியின் அண்ணன், ஆடிப் பார்த்தார். குறி சரியாக நின்றும் சுடவில்லை. வௌவால் கடித்துச் செத்தார். திரும்பத் திரும்ப அதே கதை.

"இன்னா மச்சான், சுடுங்க!" என்று கத்தினேன்.

"மணி வர்லியே," என்றார். வேலையில், ஷாஃப்ட் என்கிற சுரங்கக் குழியின் கீழேயிருந்து மணி வராமல் அவர் கை கேஜின் லீவரைத் தொடாது.

எரிச்சலோடு, குறி பொருந்தியதும் மணி அடிக்கும்படி மாற்றினேன். அப்புறம் ஒரு வௌவாலும் தப்பவில்லை. திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, தங்கையிடம் டீ கேட்டபடியே, மணிச் சத்தத்தை வைத்தே சுட்டார்.