பெல்ஜியத்தில் அரசு அமைய ஒரு பூசை

லண்டன் ரெய்னர்ஸ் லேனில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் தம்பி காலையில் தொலைபேசி எடுத்து, "அக்கா, பெல்ஜியம் அண்ணை..." என்று தொடங்கிவிட்டு நிறுத்தினார். நான் உடனே, "என்ன, அரசு விழுந்திட்டுதோ?" என்று கேட்டேன். பிறகுதான் சொன்னார். கடையில் குளிர்ப்பெட்டியைத் திருத்திக்கொண்டிருந்தவர் அப்படியே சுவரோடு சாய்ந்துவிட்டாராம். அம்புலன்ஸ்காரர்கள் வந்து பார்த்துக் கைவிரித்துவிட்டார்களாம். நான் கேட்ட கேள்வி இன்னும் என் காதில் நிற்கிறது. ஆனால் அவரை அறிந்த நீங்கள் யாராக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பீர்கள்.

பெல்ஜியம் அண்ணை என்று நாம் கூப்பிட்ட அருளப்பு அண்ணை மன்னாரில் பிறந்தவர். பெல்ஜியத்தில், அன்ற்வேர்ப்பில் அகதியாக இருந்து, அந்த நாட்டுக் குடியுரிமை கிடைத்த பிறகு லண்டனுக்கு வந்தவர். இங்கே நம் ஆட்களின் கடைகளில் எந்தக் குளிர்ப்பெட்டி நின்றாலும், அது லண்டனின் மறுகோடி ஸ்ட்ரெதமில் என்றாலும், அவரைத்தான் கூப்பிடுவார்கள். கலியாணம் செய்யவில்லை. ஒரே உறவு, அன்ற்வேர்ப்பில் இருக்கும் தங்கை ரெஜினா. அவள் அவருக்குப் பிந்தி அங்கே போனவள். அவளுடைய அகதி விண்ணப்பம் மறுக்கப்பட்டது. பள்ளிக்கூடம் போகும் மகளோடு, எந்த வதிவிடப் பத்திரமும் இல்லாமல், கதவு தட்டப்படும் போதெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு வாழ்கிறாள்.

இங்கே ஊரில் நடக்கும் போர்ச் செய்தி கேட்டு எல்லாரும் பதறிக்கொண்டிருக்க, இந்த மனிதர் மட்டும் புருசெல்ஸ் செய்தி சொல்லித் திரிகிறார் என்று நாம் பகிடி பண்ணினோம். அவருக்கு அரசியல் பைத்தியம் எதுவும் இல்லை. பத்திரம் இல்லாதவர்களை என்ன செய்வது என்று அந்த நாட்டு மந்திரிமார் முடிவெடுக்க வேண்டியிருந்தது. முடிவெடுக்க மந்திரிமார் வேண்டும். போன வருடம் தேர்தல் முடிந்து மாதக்கணக்காகியும் அங்கே புதிய அரசே அமையவில்லை.

ஞாயிறுகளில் தேவாலயத்தில் பூசை முடிந்து பங்கு மண்டபத்தில் தேநீர் குடிக்கும்போது அவரைச் சுற்றி நின்று கேட்போம். இலங்கையிலிருந்து வந்த நமக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு சனாதிபதியும் அவருடைய பேனாவும்தான். அதனால் யாராவது ஒருவர், "அரசருக்கு ஒரு மனுக் குடுத்துப் பாருங்கோவன் அண்ணை" என்று ஆரம்பிப்பார். அவர் தலையில் கைவைப்பார். "அரசர் எல்லாத்திலயும் கையெழுத்து வைப்பார். ஆனா பக்கத்தில மந்திரியின்ர கையெழுத்து இல்லையெண்டா அது வெறும் மை" என்பார். தேர்தல் முடிந்தால் அரசர் ஒவ்வொரு கட்சிக்காரராகக் கூப்பிட்டுக் கதைப்பதும், பிறகு ஒருவரை அனுப்பி யார் யாரோடு சேரக்கூடும் என்று பார்த்துவரச் சொல்வதும் அவர் வாயால்தான் எனக்குத் தெரியும். பிளெமிஷ் பேசுகிறவர்களும் பிரெஞ்சு பேசுகிறவர்களும் இரு பக்கமும் ஒத்துக்கொண்டால்தான் மத்தியில் அரசு. அதுவரை பழைய மந்திரிமார் அன்றாட அலுவல் மட்டும் பார்க்கலாம். புதிதாக ஒன்றையும் தொடக்கூடாது.

"அப்ப நாடு எப்பிடி அண்ணை ஓடுது?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அது நல்லா ஓடுது, தங்கச்சி. பள்ளிக்கூடத்துக்கு ஒரு அரசாங்கம், வேலைப் பத்திரத்துக்கு இன்னொரு அரசாங்கம், நகரசபை வேற. எல்லாம் தன்ர பாட்டில நடக்குது. ஆர் நாட்டில இருக்கலாம், ஆர் போகவேணும் எண்டது மட்டும்தான் மத்தியின்ர கையில. பள்ளிக்கூடம் ரெஜினாவின்ர மகளை எடுத்திட்டுது. நாடு தாயை எடுக்கேல்லை."

அதைச் சொல்லும்போதே கைத்தொலைபேசியை எடுத்து, தங்கை கூப்பிட்டிருக்கிறாளோ என்று பார்த்தார். நான் இயல்பிலேயே பயந்தவள். பிள்ளைகள் பஸ்ஸில் போய் இறங்கிவிட்டோம் என்று சொல்லும்வரை தொலைபேசியைக் கையிலேயே வைத்திருப்பேன். எனக்கு மேலால் பயப்படுகிற ஒருவரை அன்றுதான் கண்டேன்.

அந்தக் கிழமைதான் அவருக்குத் தெரியாமல் நம் பெண்கள் அந்த வேலையைச் செய்தார்கள். அடுத்த ஞாயிறு பூசையில் எதற்காகச் செபிக்க வேண்டும் என்ற கருத்தை எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நம் பங்குச் சாமியார் ஆங்கிலேயர், நல்ல மனிதர், கொடுத்ததை வாசிப்பவர். இறந்தவர்கள் பெயரையும் நோயாளிகள் பெயரையும் வாசித்துக்கொண்டு வந்தவர், "பெல்ஜியத்தில் ஓர் அரசு அமைய" என்று வாசித்துவிட்டு, தான் சரியாகத்தான் வாசித்தோமா என்று கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். முன்வரிசை வெள்ளைக்காரர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அருளப்பு அண்ணை கடைசி வாங்கில் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். சிரிக்கிறார் என்றுதான் நினைத்தேன். கிட்டப் போய்ப் பார்த்தால் அழுகிறார்.

அரசு ஒருவழியாக அமைந்தது. பத்திரமில்லாதவர்களுக்கு வழி செய்வதாகக் கூட்டணி ஒப்பந்தத்திலும் எழுதினார்கள். எப்படிச் செய்வது என்பதில் மட்டும் மந்திரிமார் இழுபட்டார்கள்.

அதே காலத்தில் நம் பங்குத் தமிழ்ச் சபையிலும் ஒரு நெருக்கடி. மாதா திருநாள் ஊர்வலத்தில் சுரூபத்தை முன்னால் தூக்குவது யாழ்ப்பாணத்தாரா மன்னார்க்காரரா என்று வாய்த்தர்க்கம் முற்றி, தலைவர் ராஜினாமாக் கடிதத்தைச் செயலாளரான என் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டார். திருநாளே நின்றுவிடும் என்று நான் நித்திரையில்லாமல் அலைந்தேன். அருளப்பு அண்ணைதான் சொன்னார்: "ஏற்கவும் வேண்டாம், மறுக்கவும் வேண்டாம். கையில வைச்சிரு. அங்க அரசர் அப்பிடித்தான் செய்யிறவர்." பிறகு அவரே வீடு வீடாகப் போய்த் தேநீர் குடித்தார். யார் என்ன சொன்னார்கள் என்று எத்தனையோ தரம் துருவிக் கேட்டேன். "அங்க அரசரோட கதைச்சது அறைக்கு வெளியில வரக்கூடாது, தங்கச்சி" என்று மழுப்பிவிட்டார். திருநாளன்று சுரூபத்தின் முன்பக்கத்தில் இரண்டு ஊராரும் தோள் கொடுத்தார்கள். தலைவர் ஒன்றும் நடக்காதவர் போல மாலையோடு வந்து நின்றார்.

இந்தக் கோடையில் பெல்ஜியப் பிரதமர் ராஜினாமாச் செய்ய, அரசர் உடனே பதில் சொல்லாமல் வைத்திருந்து, பிறகு ஏற்க முடியாது என்று சொல்லிவிட்டார். அண்ணை சந்தோசத்தில் வேலைத்தலத்திலிருந்தே எனக்குத் தொலைபேசி எடுத்தார். "பார்த்தியோ, கையில வைச்சிருந்து காப்பாத்திட்டார்!" இதையே தங்கைக்கும் சொல்லியிருக்கிறார். அவளோ, "அண்ணை, நானும் ஆரின்ரையோ கையிலதான் கிடக்கிறன். ஏற்கவும் மாட்டினமாம், மறுக்கவும் மாட்டினமாம். என்ர பிள்ளை வளந்திட்டாள்" என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டாளாம். அதை என்னிடம் சொன்னபோது அவர் குரலில் தெம்பே இல்லை. அதன் பிறகு அவர் அரசரைப் பற்றிப் பகிடியாக ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆனால் பின்னேரத் தொலைபேசியை மட்டும் விடவில்லை. வேலை முடிந்து தன் வான் வண்டியில் ஏறியதும் ரெஜினாவுக்கு எடுப்பார். பக்கத்தில் இருந்து பலமுறை கேட்டிருக்கிறேன். அரசு இல்லாத காலத்தில், "இன்னும் அரசு இல்லை, பிள்ளை. நீ சாப்பிட்டியோ?" அரசு வந்த பிறகு, "அரசு நிக்குது, பிள்ளை. நீ சாப்பிட்டியோ?" அதற்குப் பிறகுதான் மற்றக் கதை.

அடக்கத்துக்கு ரெஜினா வரவில்லை. ஏன் வரவில்லை என்று பலர் என்னைக் கேட்டீர்கள். அன்ற்வேர்ப்பிலிருந்து இங்கே ரயிலில் சில மணிநேரப் பயணம்தான். பத்திரம் இல்லாதவள் அந்த ரயிலில் ஏற ஏலாது. ஏறிப் பிடிபட்டால் அண்ணன் இத்தனை காலம் காத்துக் கிடந்ததும் போய்விடும். பெட்டியை மூடும்போது என் கைத்தொலைபேசியை அவர் முகத்துக்குக் கிட்டப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் அழுதது எனக்கு மட்டும் கேட்டது.

முப்பத்தோராம் நாள் பூசைக்குக் கருத்துக் கொடுக்கப் போனேன். அண்ணையின் ஆன்ம இளைப்பாற்றிக்கு ஒன்று எழுதி, கீழே பெல்ஜிய அரசையும் எழுதினேன். சாமியார் வாசித்துவிட்டு, அங்கேதான் அரசு அமைந்துவிட்டதே, இனி என்ன என்று கேட்டார். விழாமல் நிற்க வேண்டும் என்றேன். இன்னும் முடிவு வரவில்லை, சாமி, முடிவெடுக்கும்வரையாவது நிற்க வேண்டும் என்றேன். அவர் அதை வாங்கிக்கொண்டார்.

அருளப்பு அண்ணையின் கருவிப் பெட்டியைக் கடைத்தம்பி எடுத்துக்கொண்டார். செபமாலை அவரோடு போய்விட்டது. எனக்கென்று கிடைத்தது அவருடைய பயம்தான். என் பயங்களோடு அதையும் சேர்த்துச் சுமக்கிறேன். மகனைக் கணினிக்கு முன் இருத்தி, புருசெல்ஸில் என்ன நடக்கிறது என்று தினமும் வாசிப்பிக்கிறேன். எதையாவது கேட்டு நெஞ்சு பதறினாலும் வெளிக்காட்டுவதில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் பின்னேரம் ரெஜினா எடுத்தாள். "அக்கா, இனி எனக்கு ஆர் சொல்லுறது?" என்று மட்டும் கேட்டாள். அன்றிலிருந்து நான்தான் எடுக்கிறேன்.

"அரசு நிக்குது, பிள்ளை. நீ சாப்பிட்டியோ?"