சுவர் ஏறுகிறவரின் மனைவி

முதலில் கண்ணில் பட்டது அந்த வெள்ளைப் பொடிதான். ஒரு திங்கட்கிழமை காலையில் என் கணவரின் டி-ஷர்ட்டைத் துவைக்க எடுத்தேன். தோளில், கழுத்தோரத்தில், முதுகில் எல்லாம் ஒட்டியிருந்தது. முகத்துக்குப் போடும் பவுடர் என்று நினைத்தேன். நான் பவுடர் போடுகிறவள் இல்லை.

தொண்ணூறுகளின் கடைசி அது. சிட்லபாக்கத்தில் ஏரிக்குப் பக்கத்துத் தெருவில் குடியிருந்தோம். எனக்குத் தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் வேலை. அவருக்குக் கிண்டியில் ஆபீஸ். கல்யாணமாகி ஆறு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டதும் படுத்துவிடுகிற மனிதர், இரண்டு மாதமாக மூன்று மணிக்கெல்லாம் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

"எங்க போறீங்க?"

"சுவர் ஏற."

சுவர் ஏறுகிறவர்கள் யார் யார் என்று ஊருக்கே தெரியும். ஒன்று திருடன், இன்னொன்று வாய்விட்டுச் சொல்லக்கூடாத ஆள். நான் சிரிக்கவில்லை.

"மேற்குத் தாம்பரத்துல ஒரு பழைய குடோன்ல பலகையால சுவர் கட்டியிருக்காங்க. மிலிட்டரில இருந்து ரிடையரான ஒரு சார் சொல்லித் தர்றார். வர்ற ஞாயிறு போட்டி. நீயும் வந்து பாரேன்" என்றார்.

அவரே கூப்பிட்டதும் சந்தேகம் கூடியது. பரீட்சை ஹாலில் பிட் வைத்திருக்கிற பெண்தான், யாரும் கேட்பதற்கு முன்னால் எழுந்து நின்று "மிஸ், செக் பண்ணிக்குங்க" என்பாள்.

போனேன். அவர் காலையிலேயே கிளம்பிவிட்டார், நான் மதியம் பஸ்ஸில் போய்ச் சேர்ந்தேன். குடோனுக்குள் ஒட்டுப்பலகைச் சுவர் ஒன்று, விழப்போவது போல முன்பக்கம் சாய்ந்து நின்றது. இரண்டு ஆள் உயரம் இருக்கும். அதில் சிவப்பும் பச்சையுமாகக் கைப்பிடிகளைத் திருகி வைத்திருந்தார்கள். கயிறு கிடையாது. விழுந்தால் கீழே பஞ்சு மெத்தை. கை வழுக்காமல் இருக்க எல்லோரும் ஒரு பையில் கையை விட்டு வெள்ளைப் பொடி பூசிக்கொண்டார்கள். ஓ, இதுதானா என்று எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

வந்த மூச்சு அங்கேயே நின்றது. இருபத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி ஓடிவந்து, "அண்ணா, ஆல் தி பெஸ்ட்!" என்று அவர் தோளில் தட்டினாள். நீல டி-ஷர்ட்டில் ஐந்து விரலும் வெள்ளையாகப் பதிந்தது. அண்ணா என்று கூப்பிட்டுவிட்டால் போதுமா?

நாற்காலியில் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்த அம்மா வேர்க்கடலையை என் பக்கம் நீட்டி, "என் தம்பியும் ஏறிக்கினு கீறான்மா. பல்லி மாதிரி ஒட்டிக்கினு கீதுங்க பாரு" என்றாள். கடலையை வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டேன். அந்தப் பெண் எப்போது அவரைப் பார்க்கிறாள், அவர் எப்போது திரும்புகிறார் என்றே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெண்கள் போட்டி முடிந்தது. ஆண்களில் ஆறு பேர் கடைசிச் சுற்றுக்கு வந்தார்கள், இவரும் ஒருவர். மிலிட்டரி சார் விதியைச் சொன்னார். பிடிகளை மாற்றிப் புதிதாக அமைத்த பாதை, ஆளுக்கு நாலு நிமிஷம். மற்றவர் ஏறுவதைப் பார்த்துவிட்டால் வழி தெரிந்துவிடும், அதனால் ஆறு பேரும் மூலையில் உள்ள அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு காத்திருக்க வேண்டும். எனக்குச் சட்டென்று புரிந்தது. கேள்வித்தாளை முன்னாலேயே பார்க்கக்கூடாது, அவ்வளவுதான்.

இரண்டாவது ஆள் ஏறிக்கொண்டிருந்தபோது அந்தக் கதவு நாலு விரல் அளவுக்குத் திறந்தது. இடுக்கில் நீல டி-ஷர்ட். ஒரு கண். பிறகு மூடிக்கொண்டது.

யாரும் கவனிக்கவில்லை. எல்லோரும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் எழுந்து மிலிட்டரி சார் இருந்த மேஜைக்குப் போனேன். ஏன் போனேன் என்று யோசிக்கக்கூட இல்லை.

"சார், உள்ளே இருந்து ஒருத்தர் பார்த்தார்."

"யாரும்மா?"

"நீல டி-ஷர்ட். என் வீட்டுக்காரர்தான்."

நேரம் குறிக்க உட்கார்ந்திருந்த அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். சார் அவரை வெளியே வரச் சொன்னார்.

"கதவைத் திறந்தீங்களா?"

"திறந்தேன் சார். சுவரைப் பார்க்கலை."

"அப்ப எதைப் பார்த்தீங்க?"

அவர் என்னைப் பார்த்தார்.  கதவைத் திறந்ததே தப்பு என்று அவருக்கு ஏறும் வாய்ப்பு இல்லாமல் போனது. ஆறாவது இடம். மெத்தை ஓரத்தில் உட்கார்ந்து மற்றவர்களுக்குக் கைதட்டிக்கொண்டிருந்தார்.

அந்தப் பெண் என்னிடம் வந்தாள். "அக்கா, அந்த இடுக்கு வழியா சுவர் தெரியாது, நாற்காலிங்கதான் தெரியும். நீங்க இருக்கீங்களா, எழுந்து போயிட்டீங்களான்னு அண்ணா பார்த்திருப்பார். காலையிலேர்ந்து அதையேதான் சொல்லிட்டிருந்தார்."

எட்டிப் பார்க்காமலே இவளுக்கு எப்படித் தெரியும்? அவர் காலையிலிருந்து எதற்கு இவளிடம் சொல்லிக்கொண்டிருந்தார்?

கூட்டம் கலைந்ததும் நானே அந்த அறைக்குள் போய்க் கதவை நாலு விரல் திறந்து பார்த்தேன். நாற்காலிகள் தெரிந்தன. நான் உட்கார்ந்திருந்த இடமும் தெரிந்தது. சுவரை, வாசலோரம் அடுக்கியிருந்த பெட்டிகள் மறைத்தன. குதிகாலை உயர்த்தினேன். பெட்டிகளுக்கு மேலே சுவரின் ஓரம், இரண்டு சிவப்புப் பிடிகள் தெரிந்தன. அவர் என்னைவிட ஒரு சாண் உயரம்.

ஸ்கூட்டரில் திரும்பினோம். சானடோரியம் ரயில்வே கேட்டில் நிற்க வேண்டி வந்தபோது அவரே சொன்னார்.

"உன்னைத்தான் பார்த்தேன்."

"அதை அங்கயே சொல்றதுதானே?"

"அத்தனை பேர் முன்னாடி, பெண்டாட்டி கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாளான்னு பார்த்தேன்னு சொல்லணுமா?"

ரயில் போனது.  என்னைப் பற்றியே எனக்குச் சந்தேகமாக இருந்தது. அந்தத் தோளில் ஐந்து விரல் பதியாமல் இருந்திருந்தால் நான் நாற்காலியை விட்டு எழுந்திருப்பேனா? இருபது வருஷம் கழித்தும் இதற்கு நேர்மையான விடை எனக்குத் தெரியாது.

ஒரு வாரம் உப்பு, புளி, பால் என்று தேவைக்கு மட்டும் பேசினோம். அடுத்த ஞாயிறு அவர் வழக்கம்போலக் கிளம்பினார். நான் தடுக்கவில்லை. திரும்பி வந்ததும் செருப்பைக் கூடக் கழற்றாமல் வாசலில் நின்று சொன்னார்.

"சார் உன்கிட்ட ஒண்ணு கேட்கச் சொன்னார். இனிமே போட்டி வச்சா அந்த ரூம்ல நீதான் காவலுக்கு உக்காரணுமாம். உன்னை மாதிரி ஆள் கிடைக்காதாம்."

கோபத்தில் சொல்கிறாரா, கிண்டலா என்று முகத்தில் தேடினேன். ஒன்றும் பிடிபடவில்லை.

"உங்களுக்குச் சம்மதமா?"

"நீ அங்க இருந்தா நான் வெளிய எட்டிப் பார்க்க வேண்டியதில்லை."

அதன் பிறகு நடந்த மூன்று போட்டிகளிலும் அந்த அறையில், கதவில் முதுகைச் சாய்த்து நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். யாரையும் அசையவிடவில்லை. ஒருவர் ஜன்னல் பக்கம் நகர்ந்தால்கூட, "உக்காருங்க" என்பேன். எங்கள் வகுப்புப் பெண்களைப் போலவே அவர்களும் உட்கார்ந்துவிடுவார்கள். இவர் எதிர்ச்சுவரில் சாய்ந்து விரல்களுக்குப் பிளாஸ்திரி சுற்றிக்கொண்டிருப்பார். மூன்றாவது முறை அவர் இரண்டாம் இடத்துக்கு வந்தார். ஓர் எவர்சில்வர் டப்பா கொடுத்தார்கள். குடோனே அதிரும்படி கைதட்டினேன்.

அடுத்த மழைக்காலத்தில் குடோனை டைல்ஸ் கடைக்கு வாடகைக்கு விட்டுவிட்டார்கள். பலகைகளை லாரியில் ஏற்றும்போது அவரும் அந்தப் பெண்ணும் இரண்டு முனையிலும் பிடித்துத் தூக்கினார்கள். நான் பிடிகளைச் சாக்குப் பையில் போட்டுக்கொண்டே இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.