நிமிர்ந்து நின்ற வைப்பர்கள்

தொண்ணூறுகளில் சுவிஸின் ஃப்ரிபூர்க்கில் நாங்கள் வாங்கிய முதல் காருக்குக் கராஜ் இல்லை. பனிக்காலம் முடியும்வரை அது வெளியில்தான் நிற்கவேண்டும். குளிரில் மின்சாரம் இறங்கிவிடாதபடி அதன் பற்றறியைக் கழற்றி வீட்டுக்குள் வைத்துவிட்டு பஸ்ஸில் வேலைக்குப் போனேன்.

ஒருநாள் விடியுமுன் பார்த்தால், இரண்டு வைப்பர்களும் காரின் முன்கண்ணாடியை விட்டு நிமிர்ந்து நின்றன. இறக்கிவிட்டுப் போனேன். மாலையில் திரும்பியபோது மறுபடியும் நிமிர்ந்து நின்றன. தினமும் இதே கதை.

"இஞ்சேருங்கோ, எங்களைப் பிடிக்காத ஆரோதான் செய்யினம். ஒண்டும் கேட்கப் போகாதேங்கோ," என்றாள் மனைவி.

எனக்கோ ஆளைப் பார்த்தே ஆகவேண்டும். விடுமுறை நாளில் வழக்கம்போல் இருட்டோடு இறக்கிவிட்டு, ஜன்னல் திரைக்குப் பின்னால் காத்திருந்தேன். விடிந்ததும் கீழ்வீட்டு சுவிஸ் பெண்மணி வந்து வைப்பர்களை மெல்லத் தூக்கினார்.

இறங்கி ஓடிப்போய் ஏன் என்று கேட்டேன்.

"கண்ணாடியோடு உறைந்தால் ரப்பர் கிழிந்துவிடும்," என்றவர் குரலைத் தாழ்த்தினார். "உங்களைப் பிடிக்காத யாரோ தினமும் இறக்கிவிடுகிறான். நானும் ஜன்னலில் நின்று பார்க்கிறேன், அகப்படுகிறான் இல்லை."

"அது நான்தான்," என்றேன். இருவருக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

இல்லாத எதிரியைப் பிடிக்க நான் என் காருக்குக் காவல் இருந்தேன். அவர் காவல் இருந்ததும் என் காருக்குத்தான்.