திரும்பி வந்த சீர் வண்டி

எங்கள் வீட்டில் தினசரிக் காலண்டரின் தாளைக் கிழிக்கும் உரிமை எனக்கு மட்டுமே இருந்தது. அதனால் அது ஆவணியின் கடைசிச் சனிக்கிழமை என்று இன்றும் உறுதியாகச் சொல்வேன். அக்காவுக்கு வைகாசியில் கல்யாணம். ஆடிக்குக் கோவில்பட்டி வந்தவள், மாதம் முடிந்ததும் எட்டயபுரத்துக்குத் திரும்பியிருந்தாள். ஆடி கழிந்தபின் ஒரு பெண் தாய்வீட்டு வாசலில் வந்து இறங்கினால் தெருவே எட்டிப் பார்க்கும். அக்கா இறங்கியதோ லோடு ஆட்டோவின் பின்பக்கத்திலிருந்து.

அத்தான் முன்னால் டிரைவர் பக்கத்தில் இருந்தார். பின்னால் கயிறு போட்டுக் கட்டிய மோட்டார் சைக்கிள். அது சாய்ந்துவிடாமல் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டே அக்கா வந்திருந்தாள். அப்பா சீராகக் கொடுத்த வண்டி அது. புதிது என்று பேசி முடித்து, மில்லில் தன்னோடு வேலை பார்த்தவரிடம் பழையதாக வாங்கியது. புதுசு மாதிரிதான் என்பது அப்பாவின் கட்சி. அந்த ‘மாதிரி’யை அத்தான் வீட்டார் கல்யாணத்திலிருந்தே மென்றுகொண்டிருந்தார்கள்.

“ஒங்க வண்டி ஸ்டார்ட் ஆக மாட்டேங்கு மாமா. ஓடவச்சுக் காட்டுங்க, கூட்டிட்டுப் போறேன். இல்லன்னா புது வண்டி வாங்கி, ரெண்டையும் சேத்து அனுப்பி வைங்க” என்றார் அத்தான். இரண்டு என்றால் வண்டியும் சாவியும் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பா மில்லில் ஃபிட்டர். தன் கை பட்ட எதையும் பழுது என்று சொன்னால் அதை வசவாகவே எடுத்துக்கொள்வார். வந்தவளை வா என்றுகூடக் கேட்காமல் ஸ்பானர் பையை எடுத்து வந்து வாசலில் உட்கார்ந்தார். பக்கத்து வீட்டிலிருந்து சித்தப்பாவும் வந்தார். பிளக்கைக் கழற்றி உப்புத்தாளால் தேய்த்தார்கள். தீப்பொறி நன்றாக வந்தது. வண்டியை ஆட்டினால் டேங்கில் பெட்ரோலும் தளும்பியது. ஆனால் கார்புரேட்டரைத் திறந்தால் ஒரு சொட்டு இல்லை. டியூபை ஊதினார்கள். அடைப்பு எதுவும் இல்லை. அப்பா உதைத்தார், சித்தப்பா உதைத்தார், தெருவில் போனவர்களும் ஆளுக்கு ஒரு உதை உதைத்துப் பார்த்தார்கள்.

“வண்டிக்கு மாமியா வீடு பிடிக்கல போல அண்ணே” என்றார் சித்தப்பா. அப்பா ஸ்பானரைத் தரையில் எறிந்தார். “வாய மூடிட்டு வேலயப் பாருலே.”

முந்தானையால் முழங்கை வரை போர்த்திக்கொண்டு அக்கா நிலைப்படியில் நின்றாள். அவ்வளவு வெயிலிலும் ஏன் போர்த்தியிருந்தாள் என்று யாரும் கேட்கவில்லை. “வண்டிய விடுங்கப்பா. நான் இங்கனயே இருந்துக்கிடுதேன்” என்றாள்.

“அதுக்குத்தானட்டீ மல்லுக்கட்டுதேன். ஒன்ன இங்கன உக்கார வச்சிட்டு நான் தெருவுல நடக்கவா?”

அம்மாவும், “மொதல்ல வண்டி ஓடட்டும். மத்தத அப்புறமா பேசிக்கிடலாம்” என்றாள். அந்த மற்றது எது என்று அப்புறமும் யாரும் பேசவில்லை. இதை எழுதும்போதும் எனக்குப் பல்லைக் கடிக்கத்தான் தோன்றுகிறது.

மில்லில் மத்தியானச் சங்கு ஊதிய பிறகு அப்பா டேங்க் மூடியைத் திறந்தார். உஸ்ஸென்று ஒரு சத்தம் கேட்டது. மூடாமலே உதைத்தார், வண்டி உறுமியது. மூடினார், சற்று நேரத்தில் இருமி நின்றது. மறுபடி திறந்தார். மறுபடி உஸ். மூடியைக் கவிழ்த்துப் பார்த்தவர் முதல் தடவையாகச் சிரித்தார். காற்றுப் போவதற்காக அதில் இருந்த சின்னத் துளையில் குளவி கரிசல் மண்ணை வைத்துப் பூசியிருந்தது. உள்ளே காற்றுப் போகாததால் பெட்ரோல் இறங்கவில்லை.

“ஏட்டி, ஒரு ஊக்கு குடு” என்று அக்காவிடம் கை நீட்டினார். அவள் தோளில் ஊக்கு குத்தியிருந்தது. அவள் அசையவில்லை. அம்மாதான் தன் தாலிச்சரட்டில் கோத்திருந்ததைக் கழற்றிக் கொடுத்தாள்.

துளையைக் குத்திச் சுத்தம் செய்து, மூடியை இறுக்கி, அப்பா ஒரே உதை உதைத்தார். “ஓட்டாமப் போட்டு வச்சா குளவி கூடு கட்டத்தான் செய்யும் மாப்ள. வண்டி மேல ஒரு குத்தமும் இல்ல” என்று தெரு முழுக்கக் கேட்கும்படி சொன்னார். அத்தான் முகம் செத்துப்போனது. என் அப்பா ஜெயித்துவிட்டார். நான் குதித்துக் குதித்துக் கைதட்டினேன்.

அக்கா என் கன்னத்தில் அறைந்தாள். என்னை அவள் அதற்குமுன் அடித்ததே இல்லை.

“சின்னப்பிள்ளய எதுக்குட்டீ அடிக்க?” என்று அப்பா அதட்டினார். அவள் போய் வண்டியில் அத்தானுக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். வண்டி தெருமுனை திரும்பிய பிறகும் அப்பா தலையைச் சாய்த்து அதன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். “ஒரு எடத்துலயாவது பிசிறு தட்டுதா பாரு” என்றார் சித்தப்பாவிடம்.

நான் வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அவளுக்குச் சாபம் கொடுத்தேன்: எட்டயபுரம் போய்ச் சேருமுன் அந்த வண்டி நடுரோட்டில் நின்றுபோக வேண்டும். அதைவிடப் பெரிய தண்டனை அவளுக்கு இருக்க முடியாது என்று நினைத்தேன்.