தாத்தா சொன்ன முயல் வளர்ப்பு

அரசாங்க விடுதியில் குடியிருக்கும் உத்தியோகத்தர், திணைக்களத் தலைவரின் எழுத்துமூல முன்அனுமதி பெறாமல், விடுதி வளவுக்குள் எந்த விலங்கையும் வைத்திருக்கக் கூடாது என்பது விதி. பின்னாளில் நானே அந்த விதியை எடுத்துக்காட்டிப் பலரிடம் விளக்கம் கோரியிருக்கிறேன். கோரும்போதெல்லாம் நனைந்த சாக்கின் வாடையும், தேயிலைப் பெட்டியின் பலகையில் ஊறிப்போன பழந்தேயிலை மணமும், இரண்டையும் மீறிக்கொண்டு வரும் முயல் மூத்திர நெடியும் மூக்கில் ஏறும். கண்டியில், பேராதனை வீதிக்கு மேலே, மழைக்காலம் முழுவதும் சுவரில் பாசி படரும் ஓர் அரச "குவாட்டஸின்" விறகுக் கொட்டிலில், எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது அந்த விதி மீறப்பட்டது. மீறியவர் விதிகளை மனப்பாடமாக ஒப்பிக்கக்கூடிய என் அப்பா.

அப்பா ஓர் அரச அலுவலகத்தில் பிரதம இலிகிதர். பிறந்தது யாழ்ப்பாணத்தில், வாழ்ந்தது அலுவலகக் கோவைகளுக்குள். அவருடன் வேலைசெய்த ஒருவர் மட்டக்களப்புக்கு மாற்றலாகிப் போகும்போது, லொறியில் இடம் போதாமல், ஒரு வெள்ளை முயலை, அது ஆண், கடுவன் என்ற உத்தரவாதத்துடன் எங்களிடம் விட்டுப்போனார். வெள்ளையாக இருந்துகொண்டு, வேலை எதுவும் செய்யாமல், வேளாவேளைக்குச் சாப்பாடு எதிர்பார்த்ததால் அதற்குத் "துரை" என்று பெயர் வைத்தோம். ஒரே ஒரு முயல், அதுவும் கடுவன், அதுவும் தற்காலிகம் என்றபடியால் அனுமதி தேவைப்படாது என்று அப்பா தம் மனச்சாட்சிக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டார். சில கிழமைகளில் துரை வாயில் புல்லைக் கவ்விக்கொண்டு கூட்டுக்குள் அலையத் தொடங்கியது. பிறகு தன் நெஞ்சு மயிரைத் தானே பிடுங்கியது. சொறி என்று நினைத்து அம்மா வேப்பெண்ணெயுடன் போனபோது, சித்திதான் அதன் வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, "அக்கா, இது துரையில்லை, துரைசாணி" என்றார்.

சித்தி அம்மாவின் ஒரே தங்கை. அப்போது அவருக்குத் தலைப்பிள்ளை வயிற்றில் ஏழு மாதம். தலைப்பிள்ளையைத் தாய்வீட்டில் பெறுவதுதான் எங்கள் ஆட்களின் வழக்கம். ஆனால் சித்தியின் தாய், சித்தியைப் பெற்ற கையோடு கண்ணை மூடியவர். ஆகவே தாய்வீட்டுக்கு எங்கள் குவாட்டஸ் பதில் கடமை பார்த்தது. சித்தப்பா கொழும்பில் வேலை; எப்போதாவது ஒரு சனிக்கிழமை வருவார். சித்தி பகல் முழுவதும் பின்வாசலில் கதிரையைப் போட்டுக்கொண்டு முயலையே பார்த்தபடி இருப்பார். அது அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. முதல்தரம் ஈனும் முயல் சிலவேளை குட்டிகளைத் தின்றுவிடும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். வயிற்றுப்பிள்ளைக்காரி அப்படியொன்றைக் காணக் கூடாது, கூட்டை எங்கேயாவது கொடுத்துவிடுங்கள் என்று அப்பாவை நச்சரித்தார். சித்தி விடவில்லை.

"புல்லுச் சேர்க்கச் சொல்லி அதுக்கு ஆர் அக்கா சொல்லிக் குடுத்தது?" என்று ஒருநாள் கேட்டார்.

"அது அதுகளுக்குத் தெரியும்."

"தெரியாட்டி?"

அம்மா அரிசி களையப் போய்விட்டார். கேட்டது முயலைப் பற்றி மட்டுமல்ல என்பது எனக்கே விளங்கியது.

நடைமுறை தெரியாத விடயத்தில் தகுதிவாய்ந்த அதிகாரியை நாடவேண்டும் என்பது அப்பாவின் கொள்கை. டவுனில் நாங்கள் சாமான் வாங்கும் சில்லறைக்கடைக்காரர் அலவத்துகொடை ஊரைச் சேர்ந்த முஸ்லிம்; அவரை எல்லோரும் "நானா" என்றே அழைப்போம். அவர் வீட்டில் முயல் வளர்ப்பதாகக் கேள்விப்பட்டு அப்பா விசாரித்தபோது, "எனக்கு ஒண்டும் தெரியா சேர். எங்கட தாத்தாட்ட கேளுங்க. முயல் சங்கதியெல்லாம் அவங்களுக்குத்தான் தெரியும்" என்றார். அப்பா விலாசத்தை எழுதி வாங்கிக்கொண்டார்.

அடுத்த நாள் விடியும்போது துரைசாணி ஈன்றிருந்தது. வைக்கோலும் மானாப்புல்லும் போட்டு நாங்கள் வைத்திருந்த தேயிலைப் பெட்டியை மதிக்காமல், கூட்டின் கம்பித் தட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடந்தன ஆறு குட்டிகள். மயிரில்லாத, கண்ணில்லாத, விரலளவு இளஞ்சிவப்பு உயிர்கள். முதலில் கண்டவர் சித்தி. ஒவ்வொன்றாகப் பொறுக்கி, தன் உள்ளங்கையில் சூடுகாட்டி, தாய் பிடுங்கிய மயிரைச் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தார். துரைசாணியோ மற்ற மூலையில் முதுகைக் காட்டிக்கொண்டு வத்தாளங்கிழங்குக் கொடி தின்றது. மத்தியானம்வரை பெட்டிப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சித்தியும் மத்தியானம்வரை சாப்பிடவில்லை. அப்பா அரைநாள் விடுமுறை எழுதிக் கொடுத்துவிட்டு அலவத்துகொடைக்கு பஸ் ஏறினார்.

அங்கே வீட்டு முன்விறாந்தையில், வெள்ளைத் தாடியும் தொப்பியுமாக ஒரு முதியவர் சாய்மனைக் கதிரையில் இருந்தார். விலாசம் சரி, வயதும் சரி. தாத்தா என்று அழைக்க அதற்குமேல் என்ன வேண்டும்? அப்பா தம் பெயரையும் பதவியையும் சொல்லி, வந்த காரியத்தை விளக்கினார். முதியவருக்குக் காது மந்தம். ஆனால் வீடுதேடி வந்தவரை வெறுங்கையோடு அனுப்பும் ஆளில்லை. ஆறு குட்டி என்று அப்பா விரலைக் காட்டியதும் "மாஷா அல்லாஹ்" என்று கதிரையிலிருந்து எழும்பியே விட்டாராம். பிளேன்ரீயும் கருப்பட்டியும் வந்தன. பிறகு அவர் நிதானமாகச் சொல்லச் சொல்ல, அப்பா குறித்துக்கொண்டார்: தாயை அசையாமல் இறுக்கிப் பிடிக்க வேண்டும், காலை, பகல், மாலை குட்டிகளை ஒவ்வொன்றாக மடியில் விட வேண்டும், உதைத்தால் பின்னங்கால்களைக் கட்டலாம், இரண்டொரு நாளில் குட்டிகளைத் தோட்டத்தில் துள்ள விட வேண்டும். கண் திறக்காத குட்டிகள் எப்படித் துள்ளும் என்று தமக்கொரு ஐயம் எழுந்ததாக அப்பா பின்னர் ஒப்புக்கொண்டார். ஆனால் அறிவுறுத்தலைக் கேட்டுப் பெற்ற பிறகு கேள்வி கேட்பது நிர்வாக ஒழுங்கல்ல.

அன்று பின்னேரம் அறிவுறுத்தல் நடைமுறைப்படுத்தப்பட்டது. சித்தியை அறைக்குள் இருத்திக் கதவைச் சாத்தினார்கள். அப்பாவின் குறிப்பை நான் உரத்து வாசித்தேன், அம்மா முயலைப் பிடித்தார், அப்பா குட்டிகளை மடியில் வைத்தார். முயல் கத்தும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. சிறுபிள்ளை வீரிட்டதுபோல ஒரு சத்தம் போட்டது. அம்மாவின் கையைக் கீறித் துள்ளிப் பெட்டிக்குள்ளேயே விழுந்து, வெளியே வர வழி தெரியாமல் உதறியது. அது ஓய்ந்தபோது இரண்டு குட்டிகள் அசையவில்லை.

அம்மா அவற்றை வாழையடியில் புதைத்துவிட்டு வந்து, குட்டிகள் நாலும் சுகம் என்று சித்தியிடம் சொன்னார்.

"ஆறு," என்றார் சித்தி. "காலமை நான்தான் பொறுக்கிப் போட்டனான்."

சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அடுத்த நாளும் எழும்பவில்லை. கஞ்சி ஆறிக் கிடந்தது. இரண்டு உயிருக்கு ஒருத்தி பட்டினி கிடக்கிறாள் என்று அம்மா அப்பாவிடம் அழுதார். முயலைத் தொடுவதா விடுவதா என்று யாருக்கும் தெரியவில்லை. பகல்முறை பால் கொடுப்பதை யாரும் நினைவூட்டவுமில்லை.

அன்று மாலை கடைக்குப் போன அப்பாவிடம் நானா மனத்தாங்கலோடு கேட்டாராம், "ஏன் சேர் வரல்ல? தாத்தா பின்வூட்டுல நேத்து முழுக்கப் பாத்துக்கொண்டு இருந்தாங்களே" என்று. வந்தேன், ஒரு மணித்தியாலம் கதைத்தேன், தாடி வைத்தவர்தானே என்றார் அப்பா. நானா தராசைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "அது எங்கட வாப்பா சேர். தாத்தா எண்டா எங்கட மூத்த சகோதரி. கண்டியில ஒரு சேர்ட ஆடு ஒரே ஈத்துல ஆறு குட்டி போட்டீக்கெண்டு வாப்பா பள்ளிவாசல் வரைக்கும் போய்ச் சொல்லிட்டாரு."

எங்களுக்கு அக்கா, அவர்களுக்குத் தாத்தா. நானா மரியாதைக்குச் சொன்ன "அவங்க" ஆணா பெண்ணா என்பதைக் காட்டிக்கொடுக்கவில்லை. முப்பது வருடச் சேவையில் ஒரு பதவிப்பெயரைக்கூடப் பிழையாக விளங்கிக்கொள்ளாத அப்பா, ஓர் உறவுப்பெயரில் தடுக்கி விழுந்தார்.

மறுநாள் காலை, மடக்குக் குடையும் இடுப்பில் ஒரு குழந்தையுமாக, முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் எங்கள் படியேறினார். "தாத்தா நான்தான். தாடி இல்லாததுக்கு மன்னிச்சிக்கோங்க" என்றார். அப்பா எழுந்து நின்றார். என்ன சொல்லி அழைப்பதென்று தெரியாமல் "வாங்கோ" என்பதோடு நிறுத்திக்கொண்டார். நடந்ததைக் கேட்டுவிட்டு தாத்தா முதலில் சொன்னது, "அந்தப் புள்ளத்தாச்சிய ஏன் அறைக்குள்ள போட்டு வச்சீக்கிறீங்க? வரச் சொல்லுங்க" என்பதுதான். அம்மா தடுக்கப் பார்த்தார். அதற்குள் சித்தி வந்து வாசலில் நின்றார்.

தாத்தா கையை வைக்கோலில் தேய்த்துவிட்டு, ஒரு குட்டியை எடுத்து, மல்லாத்திச் சித்தியின் உள்ளங்கையில் வைத்தார். "வயித்தப் பாருங்க." தோல் இழுபட்டு உருண்டிருந்த அந்த வயிற்றுக்குள் பால் வெள்ளையாகத் தெரிந்தது. ஆடுபோல இது நினைத்த நேரமெல்லாம் கொடுக்காது, நாளைக்கு ஒருதரம், ஆளரவமில்லாத வேளையில் வந்து கொடுத்துவிட்டுப் போய்விடும், பகலில் கிட்டே போகாமலிருப்பதுதான் அதன் காவல் என்று விளக்கினார்.

"நாங்கள் இவ்வளவு செய்த பிறகுமோ குடுத்தது?" என்று கேட்டார் சித்தி.

"கொடுத்தீக்குதானே."

"அதுக்கு ஆர் சொல்லிக் குடுத்தது?"

"ஒத்தரும் இல்ல. மொதல் ஈத்துல எல்லாத்தையும் தின்ன முயலும் என்ட வூட்டுல ஈக்கி. ரெண்டாவத ஒழுங்கா வளத்துச்சு. இது அதவிடக் கெட்டிக்காரி. நாலு உசிரோட ஈக்கி. நீங்க எல்லாரும் கொஞ்சம் சும்மா இருந்தாப் போதும்."

சும்மா இருப்பது எங்கள் வீட்டில் யாருக்கும் பழக்கமில்லை. அப்பா மும்மொழியிலும் தட்டச்சடித்துத் தொங்கவிட்ட "உட்பிரவேசம் தடை" என்ற அறிவித்தலை வாசிக்க வந்த அயல்வீட்டார், வந்ததற்கு உள்ளேயும் எட்டிப் பார்த்தார்கள். கடைசியில் அம்மாதான் வழி கண்டார். விறகுக் கொட்டில் "துடக்கு வீடு" என்று அறிவித்தார். பிள்ளை பிறந்த வீட்டுத் தீட்டு. போனால் தலைமுழுக வேண்டும். கண்டிக் குளிரில் தலைமுழுக யாருக்கும் விருப்பமில்லை. துடக்கு வீட்டிலும் ஒரு மருத்துவிச்சிக்கு இடமுண்டென்று சித்தி வாதாடி, அந்தப் பதவியைத் தாம் எடுத்துக்கொண்டார். பெட்டிக்குமேல் சாக்கைப் போர்த்தி, நாளுக்கு ஒருமுறை, கையை வைக்கோலில் தேய்த்து, நாலு வயிற்றையும் பார்த்துவிட்டு வருவார். வந்தவுடன் தாமும் ஒரு கோப்பை சோறு சாப்பிடுவார். அம்மா முயலைக் கொடுத்துவிடச் சொன்னது அதோடு நின்றது.

குட்டிகளுக்கு மயிர் வந்தது, கண் திறந்தது, பிறகு கால் முளைத்ததுபோல் ஒன்று வேலி தாண்டி மேல்வீட்டு உத்தியோகத்தரின் போஞ்சிப் பாத்தியை மேய்ந்தது. அனுமதி இருக்கிறதா என்று அவர் மிக மரியாதையாகக் கேட்டார். அன்று மாலையே அப்பா, தாய் ஒன்று, குட்டி நான்கு என்று உண்மையை எழுதி, உரிய வழியூடாக விண்ணப்பித்தார்.

பெரஹரா ஊர்வலம் பார்க்க வந்த சனம் டவுனை நிறைத்திருந்த நாட்களில் சித்திக்குக் கண்டி ஆஸ்பத்திரியில் பெண்பிள்ளை பிறந்தது. வீட்டுக்கு வந்ததும் அறை நிறையப் பெண்கள்: பால் போதாது என்றார் ஒருவர், பிள்ளையைப் பிடிக்கும் முறை பிழை என்றார் இன்னொருவர், சீனித்தண்ணீர் பருக்கச் சொன்னார் மூன்றாமவர். சித்தி பிள்ளையின் வயிற்றைத் தடவிப் பார்த்தார். பிறகு, "அக்கா, எல்லாரையும் வெளியில கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்துங்கோ. நான் பாக்கிறன்" என்றார். அம்மா அப்படியே சாத்தினார்.

விண்ணப்பத்துக்குப் பதில் வருமுன்பே பால் மறந்த குட்டிகளும் துரைசாணியும் தாத்தாவுடன் அலவத்துகொடைக்குப் போயின. இன்று அந்தக் குவாட்டஸ் இல்லை. அந்தச் சரிவில் வாகனத் தரிப்பிடத்தோடு ஒரு மாடிக் கட்டடம் நிற்கிறது. தேயிலை இப்போது கடதாசிச் சாக்கில் போகிறது. பலகைப் பெட்டியைக் கண்டு எத்தனையோ காலம். அப்பாவும் அம்மாவும் இல்லை, சென்ற வருடம் சித்தியும் போய்விட்டார். நானும் அப்பாவைப் போலவே கோவைகளுக்குள் வாழ்ந்து ஓய்வுபெற்றேன். விசாரணைகளில் யாராவது "தாத்தா" என்றால் எந்தத் தாத்தா என்று கேட்டுப் பதிந்துகொள்வேன், எல்லோரும் சிரிப்பார்கள். விளக்கம் சொல்ல எனக்கு அலுப்பாக இருக்கும்.

விண்ணப்பத்துக்கு வந்த பதில் சிங்களத்தில் இருந்தது. அப்பா மொழிபெயர்த்து வாசித்தார். "குட்டிகள் பால் மறக்கும் காலம்வரை தாயை அவற்றிடமிருந்து பிரிக்காமல் வைத்திருக்க இத்தால் அனுமதிக்கப்படுகிறது." பெயர் தெரியாத யாரோ ஒருவர், விதியில் இல்லாத ஒரு கருணையை, விதியின் மொழியில் எழுதியிருந்தார். சித்தி அந்தக் கடிதத்தை வாங்கி, தமக்குத் தெரியாத அந்த எழுத்துகளை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். தைப்பூசத்தன்றுதான் அவருடைய மகளுக்கு முதற்சோறு தீத்தினோம். அன்று பௌர்ணமிப் போயா விடுமுறை, தபால் இல்லை. ஆகவே பதில் வந்து சேர்ந்தது அதற்கு மறுநாள், ஒரு செவ்வாய்க்கிழமை.