தெற்கு சிவக்காத வரைபடம்

எண்பதுகளின் கடைசியில் ஒரு வரைபடத்தை என் ஆய்வுக் கட்டுரையிலிருந்து எடுத்துப்போட்டேன். அதைத் தயாரித்தவர் கவனக்குறைவானவர் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். வரைபடம் சரியானது, அவரைப் போலக் கவனமான ஒருவரை அதற்குப் பிறகு நான் பார்த்ததில்லை. என் கையெழுத்தால் அவருக்குக் கிடைக்கவிருந்த ஓராண்டு வெளிநாட்டுப் பயிற்சி கைவிட்டுப் போனது. எழுபத்தைந்து வயதைத் தாண்டிய பிறகு இதைச் சுற்றி வளைத்துச் சொல்வதில் அர்த்தமில்லை.

அவர் கோலாலம்பூரில் எங்கள் பல்கலைக்கழகத் துறையின் புரோகிராமர். என்னைவிட நான்கு வயது மூத்தவர். நான் அக்கா என்பேன். அவர் என்னை டாக்டர் என்பார், அதில் எப்போதும் கொஞ்சம் கேலி கலந்திருக்கும். கிள்ளானிலிருந்து பஸ்ஸில் வருவார். நான் இங்கிலாந்தில் பட்டம் முடித்துத் திரும்பி, பிரிக்பீல்ட்ஸில் வாடகைக்கு இருந்தேன். வெளியே கோலாலம்பூர் வெயில் சட்டையை நனைக்கும். கணினி அறைக்குள் ஏர்கோன் குளிரில் அக்கா ஸ்வெட்டர் போட்டிருப்பார். அந்த அறையில்தான் நாங்கள் இருவரும் துருவக் கடல்களைச் செய்துகொண்டிருந்தோம்.

செய்வது என்றால், எண்களால். பூமியை வடக்கிலிருந்து தெற்குவரை பட்டை பட்டையாகப் பிரித்து, ஒவ்வொரு பட்டைக்கும் ஒரு பெட்டி கடல், அதன்மேல் ஒரு பெட்டி காற்று. எவ்வளவு வெயில் உள்ளே வருகிறது, எவ்வளவு வெப்பம் வெளியே போகிறது, பக்கத்துப் பட்டைக்கு எவ்வளவு கடக்கிறது என்று கணினி கூட்டிக் கழிக்கும். துருவங்களில் கடல் உறைந்தால் அந்த வெண்மை வெயிலைத் திருப்பி அனுப்பும். உருகினால் கருத்த நீர் வெயிலைக் குடித்து இன்னும் சூடாகும். காற்றில் கரியமில வாயுவை ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் கூட்டிவிட்டு நாங்கள் டீ குடிக்கப் போவோம். திரும்பி வருவதற்குள் நூறு ஆண்டுகள் ஓடியிருக்கும். அந்தப் பரவசத்தை என்னால் இன்றும் விவரிக்க முடியவில்லை. பனியையே பார்க்காத ஊரில் உட்கார்ந்துகொண்டு பனி பின்வாங்குவதைப் பார்த்தோம்!

அச்சு இயந்திரம் வெறும் எண்களைத்தான் துப்பும். அக்கா வண்ணப் பென்சில்களால் அவற்றை வரைபடமாக்குவார்: இடமிருந்து வலமாக ஆண்டுகள், மேலே வடக்கு, கீழே தெற்கு, கடல் சூடாகச் சூடாகச் சிவப்பு. என் கணக்கில் மேலும் கீழும் ஒன்றுபோலச் சிவந்தன. அடுத்த வாரம் நடக்கவிருந்த மாநாட்டில் நான் சொல்லப்போனதே அதைத்தான்.

அப்போது ஒருநாள் மதியம் அக்கா புதுத்தாள் ஒன்றை என் மேசையில் விரித்தார்.

"டாக்டர், தெற்கு சிவக்க மாட்டேங்குது."

"எங்கயோ தப்பு அக்கா. ரெண்டு பக்கமும் பனிதானே? ஒரே மாதிரிதான் சூடாகணும்."

"தப்பு இல்ல லா. கப்பல்காரங்க கடலோட சூட்டை அளந்த டேபிளை டைப் பண்ணது யாரு? நான்தானே? தெற்குல மேலருந்து ஆழம் வரைக்கும் கிட்டத்தட்ட ஒரே நம்பர். ஒரே கீயைத் தட்டித் தட்டி விரலே வலிச்சுப் போச்சு. அப்படின்னா அங்க மேல் தண்ணியும் கீழ் தண்ணியும் கலந்துக்கிட்டே இருக்குன்னுதானே அர்த்தம்? அதான் கீழ இன்னொரு பெட்டி வச்சேன். ஆழத்துலேருந்து வர்ற பழைய தண்ணிக்கு, மேல சூடாகுதுங்கிற சேதியே இன்னும் போய்ச் சேரல."

"யாரைக் கேட்டு வச்சீங்க?"

"கேட்டா வேணாம்னு சொல்வீங்களே."

சிரித்தார். நான் சிரிக்கவில்லை. நான் அந்தக் கப்பல் அட்டவணையின் சராசரியை மட்டுமே பார்த்தவன். அவர் ஒவ்வொரு எண்ணையும் விரலால் தொட்டவர். அவர் சொல்வது சரியாக இருக்கலாம் என்று அந்த நிமிடமே உள்ளுக்குள் தெரிந்தது. அதனால்தான் கோபம் வந்தது. மீண்டும் ஓட்டிச் சரிபார்க்க ஒரு வாரம் இருந்தது. நான் ஓட்டவில்லை. அக்கா என் கட்டுரைக்குள் செருகியிருந்த புதுத்தாளை எடுத்துப்போட்டுவிட்டு, என் பழைய சிவப்புப் படத்தோடு மாநாட்டுக்குப் போய்க் கைதட்டல் வாங்கிவந்தேன்.

அதே மாதம், பெரிய காலநிலைக் கணினி மாதிரிகளை ஓட்டும் வெளிநாட்டு மையத்துக்குப் பயிற்சிக்கு அனுப்ப அக்காவின் பெயர் முதலில் வந்தது. துறைத்தலைவர் என் கருத்தைக் கேட்டார். 'அனுமதியின்றிப் புரோகிராமை மாற்றுகிறார். முடிவுகளில் கவனக்குறைவு' என்று எழுதினேன். இடம் வேறொருவருக்குப் போனது. அக்கா என் அறை வாசலில் வந்து நின்றார்.

"நான் எங்க கேர்லஸ், டாக்டர்? ஒரு வரி காட்டுங்க, போதும்."

என்னிடம் காட்ட ஒரு வரியும் இல்லை. அவர் வேலையை விட்டுவிட்டு, போர்ட் கிள்ளானில் ஒரு கப்பல் நிறுவனத்தின் கணினிப் பிரிவில் சேர்ந்தார்.

சில மாதங்கள் கழித்து நூலகத்தில் புதிதாக வந்த ஆய்விதழ் ஒன்றைப் புரட்டியவன், நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். எங்களுடையதைவிடப் பல மடங்கு பெரிய கணினியில், ஆழ்கடலையும் சேர்த்து ஓட்டிய ஒரு குழுவின் படம். வடக்கு வேகமாகச் சூடாகிறது. தெற்குக் கடல் அசைந்தே கொடுக்கவில்லை. அக்காவின் படம்! மகிழ்ச்சியா, வெட்கமா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. அதைவிடக் கேவலமான ஒன்றை அடுத்துச் செய்தேன். அந்த இதழை என் பெயரில் எடுத்துவந்து இழுப்பறையில் பூட்டிவைத்தேன். பதினோரு மாதங்கள்.

பிறகு ஒருநாள், என்ன துணிச்சல் வந்ததோ, அதைத் தூக்கிக்கொண்டு போர்ட் கிள்ளானுக்கு பஸ் ஏறினேன். சாப்பாட்டு வேளையில் அக்கா அலுவலகத்துக்கு எதிரே இருந்த டீக்கடைக்கு வந்தார்.

"என்ன டாக்டர், கப்பலேறி ஓடப் போறீங்களா?"

இதழைத் திறந்து அவர் முன் வைத்தேன். ஒரு நிமிடம் மூச்சுக்கூட விடாமல் பார்த்தார். பிறகு மேசையைத் தட்டினார். "பாருங்க, பாருங்க! தெற்கு வெள்ளையா இருக்கு! அய்யோ, இவங்களும் கீழ பெட்டி வச்சிருக்காங்க டாக்டர், ஒண்ணு இல்ல, எத்தனையோ! போஸ், இன்னொரு டீ!" என்று கடைக்காரரைக் கூப்பிட்டார். அங்கிருந்த லோரி ஓட்டுநர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவருக்கு என் ஞாபகமே இல்லை. விரல் படத்தின் மேல் ஓடிக்கொண்டிருந்தது. அட்டையைத் திருப்பித் தேதியைப் பார்த்தபோதுதான் விரல் நின்றது.

"இது உங்க கைக்கு எப்ப வந்துச்சு?"

சொன்னேன்.

"அப்ப இத்தனை மாசமா உங்களுக்குத் தெரியும்."

"தெரியும் அக்கா."

இதழை மூடி என் பக்கம் தள்ளினார். பிறகு, "மன்னிப்பெல்லாம் அப்புறம். என் புரோகிராமை முதல்ல ஓட்டுங்க. தப்பு இருக்கா இல்லையான்னு எனக்குத் தெரியணும்" என்றார்.

சனிக்கிழமைகளில் அரைநாள் வேலை முடிந்து வருவார். அவருடைய வரிகளை ஒவ்வொன்றாகச் சோதித்தோம். தவறு தேடுவதில் என்னைவிட அவரே இரக்கமில்லாதவராக இருந்தார். எதுவும் அகப்படவில்லை. கடைசி ஓட்டத்தின் தாள் இயந்திரத்திலிருந்து நெளிந்து நெளிந்து வெளியே வந்தபோது இருவரும் தரையில் மண்டியிட்டு எண்களை உரக்கப் படித்தோம். தெற்கு அசையவில்லை! நான் சின்னப் பையனைப் போலக் கத்தினேன்.

அவர் பெயரை முதலில் போட்டு ஒரு கட்டுரை எழுதினேன். இந்த முடிவு முன்பே கிடைத்தும் 'கவனிக்கத் தவறியதால்' வெளிவரவில்லை என்று அடிக்குறிப்பில் சேர்த்திருந்தேன். அக்கா அந்த வார்த்தைகளை அடித்தார். "கவனிச்சீங்களே. கவனிச்சுத்தானே எடுத்தீங்க?" 'நான் நீக்கினேன்' என்று மாற்றி எழுதினேன். அப்படியே அச்சானது. துறைத்தலைவருக்கும் பயிற்சி மையத்துக்கும் உண்மையைக் கடிதமாக எழுதினேன். எனக்கு வரவேண்டிய பதவி உயர்வு நின்றது, அது நியாயம். மையத்திலிருந்து, விண்ணப்பதாரர் இப்போது வயது வரம்பைக் கடந்துவிட்டார் என்று பதில் வந்தது. அதை மட்டும் என்னால் சரிசெய்ய முடியவில்லை.

இன்று செயற்கைக்கோள்கள் தெற்குக் கடலை நாள்தோறும் அளக்கின்றன. பல பத்தாண்டுகள் அது வடக்கைப் போலச் சூடாகவில்லை. சில இடங்களில் குளிரவும் செய்தது. இன்றைய பிரம்மாண்டமான மாதிரிகள் பலவும் தெற்கை உள்ளதைவிட அதிகமாகவே சிவப்பாக்கிவிடுகின்றன என்று படிக்கும்போது, நான் தனியாள் இல்லை என்று ஆறுதல் கொள்ளப் பார்ப்பேன். அது பொய்யான ஆறுதல். அவர்கள் யாருடைய படத்தையும் ஒளிக்கவில்லை.

அன்று உண்மை தெரிந்ததும் துறைத்தலைவர் அக்காவுக்குப் பழைய வேலையைத் திருப்பித் தரச் சம்மதித்தார். அதற்கான கடிதத்தை நானே போர்ட் கிள்ளானுக்குக் கொண்டுபோனேன். அலுவலக வாசலில் நின்று, இரண்டு முறை படித்தார். முகம் மலர்ந்தது. பிறகு பொறுமையாக மடித்து என் கையிலேயே கொடுத்தார்.

"இங்கேயே இருந்துக்கிறேன் டாக்டர். எந்தக் கப்பல் எந்த நாள் வரும்னு நான் நம்பர் போடுறேன். அந்த நம்பரை யாரும் எடுத்துப்போட முடியாது. சொன்ன நாள்ல கப்பலே வந்து நிக்குமே."

உள்ளே தொலைபேசி அடித்தது. அவர் போனார்.