கால் மைல் கார்

அந்தக் காரிலிருந்து என் வீட்டுக்காரர் முதலில் கழற்றியது என் சீட்டைத்தான். இதை நான் இன்றுவரை மறக்கவில்லை. அவரையும் மறக்க விட்டதில்லை.

கார் என்றால் ஊரில் அப்போது ஓடிக்கொண்டிருந்த மாதிரிக் கார் இல்லை. இரண்டே பேர் உட்காரும், கூரை இல்லாத, தரையோடு தரையாகக் கிடக்கும் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரர் சீமைக்குத் திரும்பும்போது விட்டுப்போனது. நாலு கை மாறி, எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் தோட்டத்து வீட்டுக்கு வந்து சேர்ந்தது. என் வீட்டுக்காரருக்கு நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை. வண்டி என்று எதைக் கண்டாலும் கை சும்மா இருக்காது.

காரைப் பார்த்ததும் எனக்கு வந்தது ஒரே ஆசைதான், ஓட்ட வேண்டும். என் அப்பா வீடு அயோத்தியாப்பட்டணம். ஆண் பிள்ளை இல்லாத வீடு என்பதால் பதினாறு வயதில் டிராக்டரும், பதினெட்டில் அப்பாவின் காரும் ஓட்டினேன். லைசென்ஸ்கூட வாங்கி வைத்திருந்தேன். கல்யாணமாகி ஏழு வருஷத்தில் ஒரு ஸ்டீயரிங்கைத் தொட்டதில்லை. பட்டறை முதலாளி பெண்டாட்டி வண்டி ஓட்டினால், டிரைவர் வைக்க வக்கில்லாதவர் என்று ஊர் அவரை நினைக்குமாம். என்ன நியாயமோ!

ஒரு தடவை ஓட்டிப் பார்க்கட்டுமா என்று கேட்டேன். ஓட்டலாம் ஓட்டலாம், என்ன அவசரம் என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடலைக்காய்க் கொட்டகையைக் காலி பண்ணி, காரை உள்ளே தள்ளி, ஸ்பானரோடு உட்கார்ந்து, டிரைவருக்குப் பக்கத்தில் இருந்த என் சீட்டைக் கழற்றிவிட்டார்.

காரணம், சேலத்துப் பழைய பேப்பர் கடையில் அவர் கையில் சிக்கிய ஒரு வெளிநாட்டுப் பத்திரிகை. அதில் இரண்டு கார்கள் பக்கத்துப் பக்கத்தில் நின்று, நேர்கோட்டில் கால் மைல் மட்டும் சீறிப் பாய்கிற பந்தயத்தைப் பற்றிப் படம் போட்டிருந்தது. வளைவு கிடையாது, திருப்பம் கிடையாது. யார் முதலில் போய்ச் சேருகிறார்கள் என்பதுதான் ஆட்டம். அதே மாதிரிப் பந்தயம் கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு பழைய விமான ஓடுதளத்தில் நடக்கப்போவதாக யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவ்வளவுதான், மனுஷனுக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை. இல்லை, பொய் சொல்லக் கூடாது, சோறு நன்றாகவே இறங்கியது. அது பின்னால் வரும்.

எடையைக் குறைத்தால் வேகம் கூடும் என்று பத்திரிகையில் போட்டிருந்ததாம். என் சீட்டுக்குப் பிறகு கதவு இரண்டும் போயின. முன் கண்ணாடி போனது, பம்பர் போனது, ஸ்டெப்னி போனது. சைலன்சரைக் கழற்றிய அன்று எங்கள் எருமை கட்டுத்தறியைப் பிடுங்கிக்கொண்டு ஓடி, மூன்று நாள் பால் கறக்க விடவில்லை. கழற்றிய சாமான் எல்லாம் என் கொல்லையில் வந்து குவிந்தது. சீட்டை மட்டும் நான் விடவில்லை. அடுப்படிக்கு வெளியே போட்டு, அதில் உட்கார்ந்துதான் புளி கொட்டை எடுத்தேன். நான் ஓட்ட ஆசைப்பட்ட காரில் பாதி ஒவ்வொன்றாக என் கண்ணெதிரே கழன்று வந்துகொண்டிருந்தது.

அவருக்குக் கூட்டாளி பட்டறையின் தலைமை ஆசாரி. முப்பது வருஷமாக லாரி பாடி கட்டியவர். இவர் ஒன்றைக் கழற்றினால் அவர் இரண்டைச் சேர்ப்பார். கதவு போன இடத்தில் இரும்புப் பட்டை. தரைத் தகட்டுக்கு அடியில் ஆங்கிள் இரும்பு. பின்னால் தார்ப்பாய் கட்டக் கொக்கிகூட வைத்துவிட்டார். டிரைவர் சீட்டை இவர் உடம்புக்குத் தோதாகப் பின்னுக்குத் தள்ளி, இனி யாரும் அசைக்க முடியாதபடி வெல்டு அடித்தார். ஏன் என்று கேட்டால் ஒரே பதில், "தாங்காதுங்க."

ஓடப்போவது கால் மைல், அதில் எதைத் தாங்க வேண்டும் என்று இவர் ஒருநாள் கத்திவிட்டார்.

"கால் மைலோ காசியோ, என் கையில இருந்து போற வண்டி நடுரோட்டுல உக்காரப்படாதுங்க மொதலாளி" என்றார் ஆசாரி. அத்தோடு இரண்டு நாள் வேலைக்கு வரவில்லை.

ஒரு மாதம் கழித்து லாரி எடைமேடைக்குக் கொண்டுபோய் நிறுத்துப் பார்த்தார்கள். கழற்றுவதற்கு முன் நிறுத்ததைவிட, அத்தனையும் கழற்றி, பத்தே கிலோ குறைந்திருந்தது. இவருக்கு முகம் செத்துவிட்டது. ஆசாரியின் ஆங்கிள், பட்டை, கொக்கி எல்லாவற்றையும் அறுத்தெடுத்தார்கள். மிச்சமிருந்த தகட்டில் சல்லடை மாதிரி ஓட்டை போட்டார்கள். மறுபடியும் நிறுத்தார்கள். இன்னொரு பத்துக் கிலோ. எடைமேடை கெட்டுப்போய்விட்டது என்று அங்கே சண்டை போட்டுவிட்டு வந்தார்.

மூன்றாம் முறை நானும் கூடப் போனேன். எடை எழுதுகிற ஜன்னல் பக்கம் நின்று பார்த்தால், இவர் காருக்குள் சட்டமாக உட்கார்ந்திருக்கிறார். லாரி ஊரில் அதுதான் வழக்கம். காலி வண்டியை நிறுக்கும்போதும் டிரைவர் இறங்க மாட்டார், பாரம் ஏற்றி நிறுக்கும்போதும் இறங்க மாட்டார். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் அவர் எடை அடிபட்டுப் போய்விடும். பாரத்துக்கு அந்தக் கணக்கு சரி. ஆனால் ஒன்றரை மாதமாக இவர் பட்டறைக்குப் பக்கத்து மெஸ்ஸில் சாப்பிடாமல் மூன்று வேளையும் வீட்டில் என் கையால், ராசிபுரத்து நெய்யை ஊற்றி ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாரே, அதை எங்கே கழிப்பது?

வீட்டுக்கு வந்ததும் மூட்டை நிறுக்கும் தராசை முற்றத்துக்கு இழுத்தேன். ஏறி நில்லுங்கள் என்றேன். என்னவோ ஏதோ என்று ஏறினார். தொண்ணூற்றாறு கிலோ. இறங்கச் சொல்லிவிட்டு நான் ஏறினேன். நாற்பத்தாறு.

கூட வந்த ஆசாரி தராசு முள்ளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு வானத்தைப் பார்த்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏனுங்க, ஓட்டை போட்டு ஓட்டை போட்டு நீங்க கொறைச்சதுக்கு மேல இங்கயே அம்பது கிலோ இருக்குது. வண்டிய நான் ஓட்டறனுங்க."

அவர் உள்ளே போய்விட்டார். மறுநாளிலிருந்து கம்மங்கூழும் மோரும்தான் வேண்டும் என்றார். பத்து நாள் வைராக்கியமாக இருந்தார். பதினோராம் நாள், ராசிபுரம் ஓட்டல் நெய் ரோஸ்ட் மணம் அவர் சட்டையோடு வீட்டுக்கு வந்தது. தராசில் இரண்டு கிலோ குறைந்திருந்தது. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இந்த மனுஷன் காரின் நட்டு போல்ட்டைக்கூட விடாமல் கழற்றுவார், இறங்கி என்னிடம் சாவியை மட்டும் கொடுக்க மாட்டார் என்று முடிவு கட்டிவிட்டேன்.

பந்தயத்தன்று எங்கள் லாரி ஒன்றில் காரை ஏற்றிக்கொண்டு விடிகாலையில் கிளம்பினோம். கட்டுச்சோற்றுக்காக என்னையும் கூட்டிப்போகிறார் என்று நினைத்து உர்ரென்று உட்கார்ந்திருந்தேன். ஓடுதளத்தில் பெயர் பதிகிற மேசைக்கு அவர் போனார். சட்டைப் பையிலிருந்து ஒரு சிறு புத்தகத்தை எடுத்து வைத்தார். எங்கேயோ பார்த்த அட்டையாக இருக்கிறதே என்று எட்டிப் பார்த்தேன். என் லைசென்ஸ். பீரோவில் பட்டுச் சேலைக்கு அடியில் நான் வைத்திருந்தது.

காரில் உட்கார்ந்தால் கால் கிளட்சுக்கு எட்டவில்லை. ஆசாரி வெல்டு அடித்த சீட்டாயிற்றே, அசையவா போகிறது? அவ்வளவுதான் என்று நினைத்தேன். அவர் குனிந்து டூல்ஸ் பெட்டியைத் திறந்து, துணியில் சுற்றிய மூன்று தேக்குக் கட்டைகளை எடுத்தார். கிளட்சு, பிரேக், ஆக்சிலேட்டர் மூன்றின் மேலும் ஒவ்வொன்றாக வைத்து முடுக்கினார். அளவு கச்சிதமாக இருந்தது. நீ தராசில் ஏறின மறுநாளே ஆசாரியை அறுக்கச் சொன்னது, குடுக்கத்தான் மனசு வரலை என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

பிறகு, "ஓட்டு அம்மிணி" என்றார்.

சேலையை இழுத்துச் செருகி, அவருடைய காக்கிச் சட்டையை மேலே மாட்டிக்கொண்டு, யாருடையதோ ஹெல்மெட்டோடு போய் நின்றேன். பக்கத்தில் ஒரு மில் வீட்டுப் பையன், பளபளவென்று ஒரு கார். கொடி விழுந்தது. முதல் கியர், இரண்டாவது கியர், அந்தச் சத்தத்துக்கு எங்கள் எருமை இருந்திருந்தால் மேட்டூர் போய்ச் சேர்ந்திருக்கும். நான் கத்திக்கொண்டே ஓட்டினேன். பயத்தில் இல்லை, சந்தோஷத்தில். ஏழு வருஷம் அடக்கி வைத்த கத்தல் அது. ஒரு கார் நீளத்தில் தோற்றேன்.

ஊரில் இவர் எல்லோரிடமும் இரண்டாம் இடம் என்று சொன்னார். ஓடியது இரண்டே வண்டி என்பதை யாரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

அன்று ஜெயித்த கார் கோட்டைத் தாண்டியதும் பின் ஆக்சில் முறிந்து, நடு ஓடுதளத்தில் உட்கார்ந்துவிட்டது. ஆசாரி பொடிநடையாகப் போய்க் குனிந்து பார்த்துவிட்டு வந்தார். "தாங்காதுன்னு சொன்னனுங்கள்ள" என்றார். கோப்பை வாங்கியவன் முகத்தில்கூட அவ்வளவு நிறைவு இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் புளியோடு வந்து பார்த்தால் அடுப்படிக்கு வெளியே சீட்டைக் காணோம். கொட்டகையில் அவர் ஸ்பானரோடு உட்கார்ந்து அதைக் காரின் இடது பக்கம் பழைய இடத்தில் முடுக்கிக்கொண்டிருந்தார். பழையபடி என்னை அதில் உட்கார வைத்து இவர் ஓட்டப்போகிறார் என்று எனக்குக் கோபம் தலைக்கேறியது. அவர் எழுந்தார், கையைத் துடைத்தார், என் சீட்டில் தானே ஏறி உட்கார்ந்தார். கார் அந்தப் பக்கமாகச் சாய்ந்து இறங்கியது. டிரைவர் பக்கத்துப் பெடல்கள் மேல் தேக்குக் கட்டைகள் அப்படியே இருந்தன.

ஆசாரி ஒருமுறை சுற்றி வந்து, அடியில் குனிந்து பார்த்தார்.

"தாங்குமுங்க" என்றார்.

ஜேடர்பாளையம் அணை வரைக்கும் நான்தான் ஓட்டினேன்.